ஷூ செய்யப் பழக ஏழு ஆண்டுகள் எதற்கு?

ஒரு தோல் ஷூவைக் கையால் செய்யும் முறையை ஒரு மாலைப் பொழுதில் சொல்லி முடித்துவிடலாம். காலை அளந்து, அந்த அளவுக்கு மரத்தில் ஓர் அச்சுக்கட்டை செதுக்க வேண்டும். தொழிலில் இதை லாஸ்ட் என்பார்கள். கட்டையின் மேற்பரப்பை வைத்துக் காகித மாதிரி எடுத்து, அதன்படி தோலை வெட்டி, துண்டுகளைத் தைத்தால் மேல்பகுதி தயார். கட்டைக்கு அடியில் இன்சோலை, அதாவது உள்ளங்கால் படும் உள் அடித்தோலைப் பொருத்தி, மேல்தோலைக் குறடால் இழுத்து, கட்டையோடு படியவைத்து ஆணியடிக்க வேண்டும். அப்புறம் சுற்றிலும் வெல்ட் என்கிற தோல்பட்டையைத் தைத்து, அதோடு சோலைத் தைத்து, குதிகாலை அடுக்கி, ஓரங்களைச் சீவி மெருகேற்றினால் வேலை முடிந்தது.

இவ்வளவு சுருக்கமாகச் சொல்லக்கூடிய வேலைக்கு, இங்கிலாந்தில் 1563-இல் வந்த சட்டம் குறைந்தது ஏழு ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்றது. ஷூவுக்கு மட்டும் வந்த சட்டமில்லை அது, அன்றைய பல கைத்தொழில்களுக்கும் அதே கணக்குத்தான். ஓர் ஆசானிடம் ஏழு ஆண்டுகள் இருக்காதவர் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. 1814-இல்தான் இந்த விதி நீங்கியது.

அதற்கு வெகு முன்பே, 1776-இல், பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதைக் கடுமையாகச் சாடியிருந்தார். கடிகாரம் செய்வது போன்ற நுட்பமான தொழிலைக்கூட விளக்கிச் சொல்லிக்கொடுக்கச் சில வாரங்கள் போதும், சாதாரணத் தொழில்களுக்குச் சில நாட்களே போதும் என்பது அவர் வாதம். கை படிய நாளாகும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்காக ஒருவனைக் கட்டிப்போட வேண்டியதில்லை, தொடக்கத்திலிருந்தே அவன் செய்யும் கொஞ்ச வேலைக்குத் தக்க கூலியைக் கொடுங்கள், கெடுத்த பொருளுக்கு அவனே காசு கொடுக்கட்டும், இன்னும் கவனமாகப் பழகுவான் என்றார்.

ஸ்மித் சொன்னதில் பாதி சரி என்பது என் கணிப்பு. ஏழு ஆண்டு என்ற கணக்குக்குள் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. தொழில் கைக்கு வர உண்மையிலேயே பிடிக்கும் காலம் ஒன்று. கற்றுக்கொடுத்தவர் தான் போட்டதைத் திரும்ப எடுக்கும் காலம் மற்றொன்று. இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான், ஒரு வாரத்தில் ஷூ செய்யலாம் என்று ஒருவரும், பத்து வருஷம் உட்கார்ந்தால்தான் கை வரும் என்று இன்னொருவரும் சொல்ல, கேட்பவர் குழம்பிப்போகிறார்.

முதலில் அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துவிடலாம். பையனை வேலை பழகச் சேர்க்கும்போது ஒப்பந்தத்தை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே நெளிநெளியாக வெட்டி, ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். பின்னாளில் சண்டை வந்தால் இரண்டு ஓரங்களும் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பார்க்கலாம். பையன் ஆசானின் தொழில் ரகசியங்களை வெளியே சொல்லக் கூடாது, கல்யாணம் செய்யக் கூடாது, சூதாடக் கூடாது, மதுக்கடைப் பக்கம் போகக் கூடாது. பதிலுக்கு ஆசான் சாப்பாடு, துணி, தங்க இடம் கொடுத்துத் தொழிலையும் கற்றுத்தர வேண்டும். பல நேரம் பையனின் வீட்டார் ஒரு தொகையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

தொடக்க ஆண்டுகளில் ஆசானுக்கு நஷ்டம்தான். பழகுபவன் தோலைக் கெடுப்பான், ஆசானின் நேரத்தையும் தின்பான். கடைசி ஆண்டுகளிலோ அவன் கிட்டத்தட்ட முழு வேலையாள், ஆனால் கூலி கிடையாது. முதலில் போனது கடைசியில் வரவேண்டும், கூடவே கொஞ்சம் லாபமும் வேண்டும். ஒப்பந்தக் காலம் அதற்கேற்ப நீண்டது. கைவினைச் சங்கங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது: பழகும் காலம் எவ்வளவு நீளமோ, புதிதாகக் கடை போட வரும் போட்டியாளர்கள் அவ்வளவு குறைவு.

இந்த ஏற்பாட்டில் பையன் ஒரே மனிதரை நம்பி இருந்தான். வங்காளத்துக்கு வந்து விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் கேரி, இளவயதில் நார்தாம்ப்டன்ஷயரின் பிடிங்டன் கிராமத்தில் ஷூ வேலை பழகச் சேர்ந்தவர். பாதியிலேயே ஆசான் இறந்துபோனார். கேரி பக்கத்து ஹேக்கிள்டனில் இன்னொருவரிடம் வேலையைத் தொடர்ந்தார். அவருக்கு வேறு இடம் அமைந்தது. எல்லோருக்கும் அப்படி அமைந்திருக்காது.

ஜெர்மனியில் கணக்கை வேறு மாதிரி போட்டார்கள். நூரம்பெர்கில் 1494-இல் பிறந்த ஹான்ஸ் சாக்ஸ், ஆயிரக்கணக்கான பாடல்கள் எழுதிய கவிஞர், தொழிலால் ஷூ செய்பவர். அவர் ஆசானிடம் இருந்தது இரண்டே ஆண்டுகள். பிறகு ஐந்தாண்டுகள் ஊர் ஊராகப் போய், வெவ்வேறு பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்தார். கூட்டிப் பார்த்தால் இதுவும் ஏழுதான். ஆனால் ஐந்தாண்டு உழைப்புக்கு அவர் கையில் காசு வந்தது, பல ஆசான்களின் கைமுறையையும் பார்க்க முடிந்தது. ஒரே பட்டறையில் ஏழு ஆண்டு இருந்தவனுக்கு ஒருவருடைய நல்ல பழக்கத்தோடு அவருடைய கெட்ட பழக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரான்சில் ஊர் ஊராகச் சென்று தொழில் பழகும் மரபு இன்றும் உயிரோடிருக்கிறது, 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் அது சேர்ந்தது.

சரி, ஒப்பந்தம் கிடக்கட்டும். தொழிலில் அப்படி என்ன இருக்கிறது?

புதிதாக வந்தவரிடம் முதலில் வந்து சேருவது நூல் வேலை. கையால் தைக்கும் ஷூவுக்குக் கடையில் வாங்கிய நூலை அப்படியே போட முடியாது. சணல் அல்லது லினன் இழைகளைத் தேவையான அளவு சேர்த்து, ஒவ்வோர் இழையின் நுனியையும் வெட்டாமல், முறுக்கைப் பிரித்து இழுத்து மெலியச் செய்வார்கள். நுனிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தால் சேர்ந்த நூலின் முனை கூராகிவிடும். கீலும் பிசினும் மெழுகும் உருக்கிச் சேர்த்த மெழுகை அதில் தேய்த்து, தொடையில் வைத்து உருட்டி முறுக்கேற்றுவார்கள். முனையில் காட்டுப்பன்றியின் முரட்டு மயிரைச் சேர்த்துப் பின்னிவிட்டால் ஊசி தேவையில்லை. வளைந்த குத்தூசி போட்ட ஓட்டை வளைந்துதான் இருக்கும். நேரான இரும்பு ஊசி அதில் போகாது, மயிர் வளைந்து போய்விடும். இன்று மயிருக்குப் பதில் நைலான் இழையோ மெல்லிய எஃகுக் கம்பியோ வைக்கிறார்கள். நூலை இழுக்கும்போது உரசும் சூட்டில் மெழுகு இளகி, ஓட்டையை அடைத்துக்கொண்டு இறுகும். தையல் நிற்பதே அதனால்தான். மெழுகு குறைந்தால் நூல் நழுவும், கூடினால் கையிலேயே ஒட்டிக்கொண்டு வராது. எவ்வளவு போதும் என்பது விரலுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கத்தி. கூராக்கத் தெரியாதவருக்கு இந்தத் தொழிலில் எதுவுமே வராது, ஏனென்றால் பாதி வேலை சீவுவதுதான். இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் ஓரத்தை மெல்லிதாகச் சீவாவிட்டால் தையல் தடித்து, காலை உறுத்தும். கொஞ்சம் அதிகமாகச் சீவினால் தையலோரம் கிழியும். மொட்டைக் கத்தியை அழுத்திப் பிடித்தால் தோல் இழுபட்டு ஓரம் நெளியும். வேலை பழகுபவர்கள் நாள்கணக்கில் கழிவுத் துண்டுகளைச் சீவிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எடுபிடி வேலை போலத் தெரியும். உண்மையில் அதுதான் பாடம்.

தோல் வெட்டுவதில் சமாச்சாரம் இன்னும் ஆழம். துணித் தான் போல ஒரே சீராக வராத பொருள் தோல். முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும், கழுத்துப் பக்கம் சுருக்கங்கள் இருக்கும். ஒரே இடத்திலும் ஒரு திசையில் அதிகம் நீளும், மறு திசையில் குறைவாக. விரல்களின் மேல் வரும் துண்டுக்கு, நீளாத திசை முனையிலிருந்து குதிகால் நோக்கி அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் போடப் போட ஷூ நீண்டுகொண்டே போகும். நாக்குப் பகுதிக்குத் தளர்ந்த தோல் போதும். இடதுக்கும் வலதுக்கும் ஒரே தன்மையுள்ள இடத்திலிருந்து எடுத்தால்தான் இரண்டும் ஒரே மாதிரி மடிந்து தேயும். பூச்சிக்கடித் தழும்பையும் சிராய்ப்பையும் தவிர்க்க வேண்டும், ஆனால் விலை கொடுத்து வாங்கிய தோல் வீணாகவும் கூடாது. விதிகள் இவ்வளவுதான், எழுதிக்கொள்ளலாம். எதிரே விரித்துக் கிடக்கும் தோலில் எந்த விதியை எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்பதை மட்டும் எழுதிக்கொடுக்க முடியாது.

பிறகு வருவது கட்டையின் மேல் தோலை இழுத்துப் பூட்டும் வேலை. குறடால் முனையை ஓர் இழுப்பு, பக்கவாட்டில் இரண்டு, குதிகாலில் ஒன்று, பின் இடையிடையே. தளர்வாக இழுத்தால் ஷூ தொளதொளவென்று சுருக்கம் விழும். வலுவாக இழுத்தால் மேற்பரப்பு வெடிக்கும் அல்லது தையல் பிரியும். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தாலோ குதிகாலின் நடுத்தையல் சாய்ந்துவிடும். முனையில் சேரும் மடிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாதபடி அடியில் பங்கிட்டு ஒளிக்க வேண்டும். நனைத்த தோல் வேறு மாதிரி இழுபடும், காய்ந்தது வேறு மாதிரி. அப்புறம் வெல்ட் தையல். இன்சோலின் அடியில் பாதி ஆழத்துக்குச் செதுக்கிய வரம்புக்குள் குத்தூசியைச் செலுத்தி, இரண்டு முனைகளையும் எதிரெதிராகக் கோத்து இழுக்க வேண்டும். குத்தூசி சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலுக்குள் போகிறது. கொஞ்சம் மேலே போனால் காலில் குத்தும், கீழே போனால் பிய்ந்து வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை.

ஸ்மித் தவறவிட்டது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். செய்த தவறு உடனே தெரிந்தால் சீக்கிரம் கற்கலாம். ஷூவிலோ தவறு மிகத் தாமதமாகத்தான் முகம் காட்டும். தப்பான திசையில் வெட்டிய துண்டு, வெட்டும்போதும் தைக்கும்போதும் நன்றாகவே இருக்கும். கட்டையை உருவும்போதுதான் சில குறைகள் தெரியும். பல குறைகள் ஒருவர் மாதக்கணக்கில் நடந்த பிறகுதான் தெரியும். மெழுகு குறைந்த தையல் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு விடும். கெடுத்த தோலுக்குப் பழகுபவனே காசு கொடுக்கட்டும் என்றார் ஸ்மித். தோல் கெட்டுவிட்டது என்பதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியுமென்றால் யாரிடம் எப்போது வசூலிப்பது? பழகுபவர் ஒரே பட்டறையில் சில ஆண்டுகளாவது இருக்க வேண்டும் என்பதற்கு ஒப்பந்தக் கணக்கைத் தாண்டிய காரணம் இது. தன் கையால் செய்தது தேய்ந்து திரும்பி வருவதை அவர் பார்க்க வேண்டும்.

இதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு, பழுதுபார்க்கும் வேலை. அங்கே மற்றவர்கள் செய்த தவறுகள் தினமும் மேசைக்கு வந்து சேரும். எந்தத் தையல் முதலில் விடுகிறது, குதிகால் எந்தப் பக்கம் தேய்கிறது, எந்தப் பசை வெயிலில் இளகுகிறது என்பதைப் பழுதுபார்ப்பவர் ஓர் ஆண்டில் பார்க்கும் அளவு, புதிதாகச் செய்பவர் பல ஆண்டுகளில்கூடப் பார்க்க மாட்டார். வேடிக்கை என்னவென்றால், பழைய லண்டனில் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள். 1272-லேயே விதிமுறைகள் பெற்ற கார்ட்வெய்னர் சங்கத்தார் புதுத் தோலில் புது ஷூ செய்பவர்கள். பழையதைத் தைத்துக்கொடுப்பவர்கள் தனி வகுப்பு, அந்தஸ்திலும் ஒரு படி கீழே. வியாபார எல்லையைக் காக்க அது உதவியிருக்கும், கற்பதற்கு உதவியிருக்காது. இன்று கையால் ஷூ செய்யக் கற்பவர்களில் பலர் பழுதுபார்ப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். நல்ல மாற்றம்.

தொழில் ரகசியம் என்று காத்த விஷயமும் ரொம்ப நாள் ரகசியமாக இருக்கவில்லை. 1767-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் கைத்தொழில் வரிசையில் கார்ஸோ என்பவர் ஷூ செய்யும் முறையைப் படங்களோடு எழுதி வெளியிட்டார். யாரும் படித்துக்கொள்ளலாம். ஆனாலும் வேலை பழகச் சேர்வது நிற்கவில்லை. அதை உலுக்கியது இயந்திரம்.

1810-இல் மார்க் புருனெல் லண்டன் பேட்டர்சியில் ராணுவ ஷூக்களுக்கான இயந்திரங்களை அமைத்தார். சோலைத் தைக்காமல் ஆணிகளால் பொருத்தும் முறை. வேலை செய்தவர்கள் போரில் ஊனமுற்ற சிப்பாய்கள், யாரும் ஏழு ஆண்டு பழகியவர்கள் இல்லை. வேலையைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்ததால் ஆளுக்குச் சொல்லித்தர அதிகம் இல்லை. 1815-இல் நெப்போலியனுடனான போர் முடிந்ததும் அந்த ஆலை படுத்துவிட்டது. ஆனால் வழி தெரிந்துவிட்டது. 1858-இல் அமெரிக்காவில் லைமன் பிளேக் சோல் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

கைத்தொழிலாளர்கள் தற்காத்துக்கொள்ள முயன்றார்கள். 1867-இல் தொடங்கிய நைட்ஸ் ஆஃப் செயின்ட் கிறிஸ்பின் என்ற அமெரிக்கத் தொழிற்சங்கம், உறுப்பினர் எவரும் கிளையின் அனுமதியில்லாமல் வெளியாளுக்கு ஷூ வேலையின் எந்தப் பகுதியையும் சொல்லித்தரக் கூடாது என்று விதி வைத்தது. தந்தை மகனுக்குச் சொல்லித்தர மட்டும் விலக்கு. நாட்டின் மிகப்பெரிய சங்கங்களில் ஒன்றாக அது வேகமாக வளர்ந்தது. 1870-இல் மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸில் இந்தச் சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலை முதலாளி கால்வின் சாம்ப்சன் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 75 சீனத் தொழிலாளர்களை ரயிலில் வரவழைத்தார். ஷூ வேலையே தெரியாதவர்கள். சில மாதங்களில் ஆலை பழையபடி ஓடியது. கற்றுத்தர மாட்டோம் என்ற மிரட்டலுக்கு அன்றோடு பல் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சங்கமும் தேய்ந்தது.

கடைசிவரை கையில் நின்றது, கட்டைமேல் தோலை இழுத்துப் பூட்டும் வேலைதான். அதை இயந்திரத்தால் செய்யவே முடியாது என்று நம்பினார்கள். தென் அமெரிக்காவின் சூரினாமிலிருந்து வந்து மாசசூசெட்ஸின் லின் நகர ஆலையில் வேலை பார்த்த யான் மாட்ஸெலிகர் 1883-இல் அதற்கும் காப்புரிமை பெற்றார். தேர்ந்த கையாள் ஒரு நாளில் சுமார் 50 ஜோடி பூட்டினால், அந்த இயந்திரம் 700 வரை பூட்டியது. மாட்ஸெலிகர் 1889-இல், தன் 36-ஆம் வயதில் காசநோயால் இறந்தார்.

வேலை துண்டுதுண்டாகப் போன பிறகு பழைய ஒப்பந்தத்துக்குப் பொருளில்லாமல் போனது. முழு ஷூவையும் ஒருவருக்குக் கற்றுத்தர ஆலைக்குத் தேவை இல்லை. சிறு பட்டறைக்காரருக்குக் கற்றுத்தர மனமிருந்தாலும், பழகியவர் கடைசி ஆண்டுகளில் சம்பளமின்றி உழைத்து ஈடுகட்டும் ஏற்பாட்டை இன்றைய சட்டமும் ஏற்காது, நாமும் ஏற்கக் கூடாது. எஞ்சிய கேள்வி, தொடக்க ஆண்டுகளின் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதுதான்.

ஜெர்மனியில் அதை அரசும் பட்டறையும் பங்கிட்டுக்கொள்கின்றன. மூன்றாண்டுப் படிப்பு, பட்டறையில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமும் மாறி மாறி வரும், பழகுபவருக்கு உதவித்தொகை உண்டு, முடிவில் தேர்வு. 2004-க்குப் பிறகு ஷூ பட்டறை திறக்க மாஸ்டர், அதாவது ஆசான் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் குறைபாடுள்ள கால்களுக்குச் செய்யும் எலும்பியல் ஷூ தொழிலுக்குப் பயிற்சி மூன்றரை ஆண்டு, மாஸ்டர் விதியும் தொடர்கிறது. எனக்கு இந்தப் பிரிவு நியாயமாகவே படுகிறது. சாதாரண ஷூ சரியில்லை என்றால் வாங்கியவர் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போவார். நீரிழிவுக்காரரின் உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரு தையல் முடிச்சு உறுத்தினால் அவருக்கு அது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.

பல நாடுகளில் பழகுபவர் காசு கட்டிச் சேரும் ஓரிரு வார வகுப்புகள்தான் கிடைக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஜோடி கையோடு கொண்டுபோகலாம், வேலையின் வரிசை புரியும். ஆனால் கட்டை பெரும்பாலும் தயாராக வந்துவிடும், கடினமான இடத்தில் ஆசிரியர் கை கொடுப்பார், அந்த ஜோடி தேய்ந்து கிழியும்போது பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஆளிருக்காது.

பட்டறையில் சேர நினைப்பவர், எத்தனை ஆண்டு என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. முதல் ஆண்டில் எந்த வேலை கைக்கு வரும்? கெடுத்த தோல் யார் கணக்கில்? ஒரே இடத்தில் தைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா, கட்டை செதுக்குவதிலிருந்து மெருகேற்றுவதுவரை சுற்றி வர முடியுமா? கையால் செய்யும் பெரிய பட்டறைகளில்கூடக் கட்டை செதுக்குபவர், வெட்டுபவர், மேல்பகுதி தைப்பவர், அடிப்பகுதி செய்பவர் என்று தனித்தனி ஆட்கள் இருப்பதுண்டு. அங்கே ஒன்றில் கைதேர்வது எளிது, முழு ஷூ வராது. விற்ற ஷூக்கள் பழுதுபார்க்க அந்தப் பட்டறைக்கே திரும்பி வருகின்றனவா, வந்தால் அவற்றைப் பிரிப்பது யார் என்றும் கேட்க வேண்டும். அந்த வேலையைப் புதியவரிடம் கொடுக்கும் பட்டறை என்றால், உதவித்தொகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நான் அங்கேதான் சேரச் சொல்வேன்.